பழைய லாரா 1.8 டிஎஸ்ஐ மேனுவல்: கொங்குப் பக்கத்தில் பார்த்து வாங்க ஒரு வழிகாட்டி

கையால் கியர் போட்டு ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் வண்டி, அதுவும் கைக்கு எட்டுகிற விலையில் வேண்டும் என்றால் நம் நாட்டில் தேர்வு குறைவு. நிசான் 370இசட் மாதிரியான இரண்டு கதவு மேனுவல் கூபேக்கள் இங்கே விற்றது மிகக் கொஞ்சம். ஒன்று கிடைத்தாலும் ஒரு சின்ன சென்சாருக்குக்கூட வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். அதனால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் முதல் ஸ்போர்ட்ஸ் வண்டி தேடுகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ மேனுவல். நான்கு கதவு இருந்தாலும் ஓட்டத்தில் முழு ஸ்போர்ட்ஸ் வண்டி. 1798 சிசி டர்போ பெட்ரோல் இன்ஜின், 160 குதிரைத்திறன், 6 கியர். 250 நியூட்டன் மீட்டர் இழுவை 1500 ஆர்பிஎம்மிலேயே கைக்கு வந்துவிடும். 2011-ல் இதே 1.8 இன்ஜினோடு ஆர்எஸ் என்ற பெயரிலும் விற்றார்கள். ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ மேனுவலிலும் இருப்பது இதே குடும்பத்து இன்ஜின்தான். ஆகவே கீழே சொல்வது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

இந்த இன்ஜினுக்கு இரண்டு பெரிய நோய் உண்டு. ஒன்று டைமிங் செயின் டென்ஷனர், அதாவது பிஸ்டன் ஓட்டத்தோடு வால்வு ஓட்டத்தைப் பொருத்தி வைக்கிற செயினை இறுக்கிப் பிடிக்கிற பாகம். இன்னொன்று இன்ஜின் ஆயில் குடிப்பது. இரண்டும் உலகம் முழுக்கத் தெரிந்தவை. காரணமும் தெரியும், வைத்தியமும் தெரியும். அதனால் நோயே வராத வண்டி என்று தேடி அலைய வேண்டாம். வைத்தியம் பார்த்து, பில்லோடு நிற்கிற வண்டியைத் தேடுங்கள். 60,000 கிலோமீட்டர் ஓடி எந்த வேலையும் பார்க்காத வண்டியைவிட, 1,20,000 ஓடி செயின் செட்டும் பிஸ்டனும் மாற்றிய வண்டி நல்ல வண்டி. மீட்டரில் இருக்கிற எண்ணைக் குறைத்துவிடலாம். பார்ட் நம்பரோடு இருக்கிற பழைய பில்லை உண்டாக்குவது அவ்வளவு சுலபம் இல்லை.

போன் பேசும்போதே வடிகட்டுங்கள்

கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டிக் கடையில், நிற்கிற வண்டியானாலும் ஓனர் நேரடியாக விற்பதானாலும், கிளம்புவதற்கு முன் போனிலேயே மூன்று விஷயம் கேளுங்கள்.

முதலாவது ஆயில். "வண்டி ஆயில் குடிக்குமா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். "எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில் டாப்-அப் பண்றீங்க?" என்று கேளுங்கள். வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது டைமிங் செயின். எந்த வருஷம் மாற்றினீர்கள், பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பில்லில் வெறுமனே "இன்ஜின் வேலை" என்று ஒரு மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டென்ஷனர், செயின், கைடு எல்லாம் தனித்தனி வரியாக, பார்ட் நம்பரோடு இருக்க வேண்டும். புது வடிவ டென்ஷனரின் நம்பர் 06கே என்று தொடங்கும்.

மூன்றாவது ஆர்சி எந்தத் தேதி வரை என்பது. 2010-ல் பதிவான வண்டிக்கு 2025-லேயே 15 வருஷம் முடிந்துவிட்டது. புதுப்பித்தாரா, இல்லை அந்த வேலையை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாரா என்பது விலையைப் பேசுவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

எல்லாம் சரியாகப் பட்டால் கடைசியாக ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வைங்கண்ணா, நாங்க வந்து பண்ணிக்கறோம்." இதற்குத் தயங்குகிற இடத்துக்குப் பெட்ரோல் செலவு பண்ணிப் போக வேண்டியதில்லை.

காலை ஏழு மணி: முதல் ஸ்டார்ட்

போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேலே கையை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஓட விட்டிருக்கிறார்கள். மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். இந்த ஒரு சோதனைக்காகத்தான் காலையில் வருகிறோம், இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இன்ஜின் மேலே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் உங்கள் இடது கைப் பக்கம், அதாவது டிரைவர் சீட் பக்கத்து ஓரத்தில் டைமிங் செயின் இருக்கிறது. காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, கூட வந்தவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடக் கூடாது. முதல் ஒன்றிரண்டு விநாடிக்குத் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்கினால் டென்ஷனர் செயினைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு கேட்கிற சீரான "டிக் டிக்" இன்ஜெக்டர் சத்தம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

இந்தச் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிற பொருள். இன்ஜின் ஓடும்போது ஆயில் அதன் பிஸ்டனைத் தள்ளிச் செயினை இறுக்கிப் பிடிக்கும். இன்ஜின் நின்றதும் பிரஷர் போய்விடும். அப்போது பிஸ்டன் உள்ளே போகாமல் ஒரு சின்ன ராட்செட் பல்தான் பிடிக்க வேண்டும். பழைய வடிவத்தில் அந்தப் பல்லைத் தாங்குகிற தகடு பலவீனம். அது வழுக்கினால் செயின் தொங்கும். அடுத்த ஸ்டார்ட்டில் கிராங்க் (பிஸ்டன்களால் சுற்றுகிற தண்டு) பல்லில் செயின் ஒன்றிரண்டு பல் தாண்டி உட்கார்ந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். 16 வால்வும் வளையலாம், ஹெட் கழற்றாமல் தீராது. முந்தின நாள் சாயங்காலம் நன்றாக ஓடி வீட்டு வாசலில் நின்ற வண்டி மறுநாள் காலை சாவி போட்டதும் சாவது இப்படித்தான்.

மேனுவல் வண்டிக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் மட்டும் நிறுத்தினால், வண்டி கொஞ்சம் நகரும்போது கிராங்க் பின்பக்கமாகச் சுற்றலாம். இன்ஜின் நின்றிருப்பதால் ஆயில் பிரஷரும் கிடையாது. முழு இழுப்பும் அந்த ராட்செட் மேலே விழும். கோத்தகிரி, ஏற்காடு, வால்பாறை என்று வாரா வாரம் போய் வந்த வண்டி என்றால் எங்கே, எப்படி நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற பழக்கம் இருந்ததா என்றும் கேளுங்கள்.

சத்தம் வரவில்லை என்பதற்காகத் தப்பித்தோம் என்று முடிவு கட்டிவிட முடியாது. டிரைவர் பக்க முன் வீல் ஆர்ச் லைனரைக் கழற்றினால் கீழ் டைமிங் கவரில் ஒரு சின்ன அடைப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு உள்ளே கேமரா விட்டால் பழைய டென்ஷனரா புதிய டென்ஷனரா என்று தெரிந்துவிடும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வேலை தெரிந்த பட்டறையில் அரை மணி நேர வேலை. அதே இடத்தில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரைப் போட்டுக் கேம்ஷாஃப்ட் பேஸ் பொசிஷன் (வால்வைத் திறக்கிற தண்டு கிராங்க்கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்) பார்க்கச் சொல்லுங்கள். எண் 0-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 4 டிகிரியைத் தாண்டியிருந்தால் செயினே நீண்டிருக்கும்; டென்ஷனரை மட்டும் மாற்றினால் போதாது. பி0016 என்ற பழுதுக் கோடு பதிவாகியிருந்தால் அந்த வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணாமல் டோ பண்ணிக் கொண்டுபோய்ச் செயின் மாற்ற வேண்டும்.

ஸ்கேனரில் கோடு ஒன்றுமே இல்லை என்று காட்டினால் ரெடினஸ் பக்கத்தை, அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற பட்டியலை, திறக்கச் சொல்லுங்கள். அதில் பல வரிகள் "முடியவில்லை" என்று காட்டினால், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஆயில் குடிக்கிறதா என்று கண்டுபிடிப்பது

இந்த இன்ஜினில் உராய்வைக் குறைக்கப் பிஸ்டன் ரிங்குகளை மெலிதாக்கினார்கள். ஆயில் ரிங் வழியாக ஆயில் திரும்பி இறங்குகிற ஓட்டைகளும் சின்னவை. 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதும் என்ற கணக்கில் ஓடிய வண்டிகளில் அந்த ஓட்டைகள் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். ரிங் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். சுரண்டி இறக்க வேண்டிய ஆயில் மேலேயே நின்று எரியும். அந்தக் கரி மேலும் அடைக்கும். ஆகவே ஒரு முறை ஆரம்பித்தால் கூடிக்கொண்டேதான் போகும்.

கம்ப்ரஷன் டெஸ்ட் நன்றாக இருக்கிறது என்று ஒரு பேப்பரைக் காட்டினால் அதில் மயங்க வேண்டாம். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் இரண்டு ரிங். கெட்டுப்போவது மூன்றாவதான ஆயில் ரிங். லிட்டர் கணக்கில் ஆயில் குடிக்கிற இன்ஜின்கூடக் கம்ப்ரஷனில் தேறிவிடும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பார் அழுத்தத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது வேறு நோய், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

புகையும் முழு சாட்சி இல்லை. சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் எரிந்த ஆயிலின் நீலப் புகையைப் பாதி அதுவே விழுங்கிவிடும். சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். வறண்ட கறுப்புப் புகைக்கரி ஒட்டினால் டைரக்ட் இன்ஜெக்‌ஷனுக்கு அது சகஜம். பிசுபிசுவென்று எண்ணெய்ப் பசையோடு ஒட்டினால் ஆயில் எரிகிறது.

சரியான விடை ஸ்பார்க் பிளக் ஓட்டையில் இருக்கிறது. பிளக்குகளுக்கு மேலே இருக்கிற நான்கு காயிலையும் (பொறிக்கு மின்சாரம் தருகிறவை) உருவி, 16 மில்லிமீட்டர் சாக்கெட்டால் பிளக்குகளைக் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று வரிசை மாறாமல் ஒரு துணியில் வையுங்கள். நல்ல பிளக்கின் முனை காய்ந்து இளம் பழுப்பாக இருக்கும். ஆயில் எரிகிற சிலிண்டரின் பிளக்கில் மரை ஈரமாக மின்னும். முனையில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். அடுத்து ஓட்டை வழியாகக் கேமரா விட்டுப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். தலை முழுக்கச் சீராகக் கரி படிந்திருந்தால் கவலை இல்லை. நடுவில் கரி இருந்து, ஓரத்தைச் சுற்றி மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெள்ளி வளையம் தெரிந்தால், கீழிருந்து ஆயில் ஏறி அந்த இடத்தைக் கழுவுகிறது. சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஹோனிங் (தேய்த்து மெருகிட்ட) கோடுகள் இன்னும் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் பிளாக் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் ரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் இன்ஜினுக்குள் சேர்கிற ஆவியைத் திருப்பி எரிக்க அனுப்புகிற, இன்ஜின் மேலே இருக்கிற பிசிவி வால்வைச் சோதிக்க வேண்டும். உள்ளே இருக்கிற ரப்பர் டயஃப்ரம் கிழிந்தாலும் ஆயில் குடிக்கும், ஐட்லிங் ஆடும், விசில் சத்தம் வரும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வர மறுத்தால், அல்லது டிப்ஸ்டிக்கை உருவினதும் விசில் நின்றால், பிசிவி கிழிந்திருக்கிறது. பிஸ்டன் வேலையோடு ஒப்பிட்டால் இதன் செலவு ஒன்றுமே இல்லை, மேலேயே கழற்றி மாட்டிவிடலாம். இப்படிக் கிழிந்த பிசிவியோடு ரொம்ப நாள் ஓடிய வண்டியில் கிராங்க் பின் சீலும் ஆயில் விட ஆரம்பித்திருக்கும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்கிற இடத்தைக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று கம்பெனி கையேடு சொல்கிறது. நாங்கள் அந்த அளவை ஏற்பதில்லை. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் வாங்கலாம். 2,000-க்கு ஒரு லிட்டர் என்றால் பிஸ்டன் வேலைக்கான பணத்தை விலையில் கழித்த பிறகே வாங்க வேண்டும். 1,000-க்கு ஒரு லிட்டர் என்றால் அது ஓடுகிற வண்டி என்ற கணக்கிலேயே வராது.

பிஸ்டன் வேலை என்று வந்தால் கொங்கு நாட்டில் இருப்பது ஒரு வசதி. கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார் தொழிலால் வளர்ந்த லேத்துகளும் போரிங் பட்டறைகளும் நிறைய. இந்த இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, போர் அளவு 82.5 மில்லிமீட்டர், அளக்கவும் ஹோன் பண்ணவும் கை தேர்ந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், குறுக்கே இரண்டு திசையிலும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். "ரிங் மட்டும் போட்டாப் போதும்" என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம். பழைய பிஸ்டனின் ஆயில் ஓட்டைகள் சின்னதாகவே இருக்கும்வரை புது ரிங்கும் அதே வழியில் அடைக்கும். திருத்திய வடிவப் பிஸ்டன் செட்டாகவே போட வேண்டும். பிஸ்டன் பின்னில் 21 மில்லிமீட்டர், 23 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு. கழற்றி அளந்த பிறகே ஆர்டர் போடுங்கள். ஹெட் வெளியே வந்த கையோடு வால்வ் சீல், வால்வில் படிந்த கரி, டைமிங் செயின் செட் எல்லாவற்றையும் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். லேபர் மறுபடி விழாது.

தண்ணீர்

வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்று போகிற பாகம்) அடியில், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. சூட்டில் பிளாஸ்டிக் வளைந்தோ விரிசல் விட்டோ கசியும். கசிவு கீழே சொட்டுவதற்கு முன்பே சூட்டில் காய்ந்துவிடும் என்பதால் தரையில் ஈரம் தெரியாது. கியர்பாக்ஸ் மேல்பக்கத்தில் இளஞ்சிவப்புப் பொருக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள்.

அடுத்து கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். உள்ளே இருப்பது இளஞ்சிவப்பு அல்லது ஊதாவாக, தெளிவாக இருக்க வேண்டும். நம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். குறைந்த போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளித்த வண்டிகளில் டப்பாவின் உள்சுவரில் வெள்ளைப் படிவு கட்டியிருக்கும், கூலன்ட் நிறம் வெளுத்திருக்கும். அதே படிவு ரேடியேட்டரிலும் ஹீட்டர் கோரிலும் இருக்கும். கரூர், ஈரோடு சித்திரை வெயிலில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது அது தன் வேலையைக் காட்டும்.

டேஷ்போர்டு முள் 90-லேயே நிற்கிறது என்பதை நம்பாதீர்கள். இந்த வண்டிகளில் கூலன்ட் சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முள் 90-ஐ விட்டு அசையாதபடி அமைத்திருக்கிறார்கள். ஸ்கேனரில் உண்மையான எண்ணைப் பார்த்துக்கொண்டே, ஏசியோடு பத்து நிமிஷம் நிறுத்தி ஓட விடுங்கள். இரண்டு ஃபேனும் சுற்ற வேண்டும்.

சின்னச் சின்னவை

இவற்றுக்காக வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, விலையில் பேசிக்கொள்ளலாம். இன்டேக் வால்வில் கரி படிவது டைரக்ட் இன்ஜெக்‌ஷனின் கூடப் பிறந்தது. பெட்ரோல் வால்வைக் கழுவாமல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால், பிசிவி வழியாக வருகிற ஆயில் ஆவி வால்வில் காய்ந்து கட்டும். காலை ஸ்டார்ட்டில் அரை நிமிஷம் இன்ஜின் உதறினால் இதைச் சந்தேகியுங்கள். வால்நட் ஓட்டுத் தூள் அடித்துச் சுத்தம் பண்ணுவது சரியான முறை. பெட்ரோலில் ஊற்றுகிற கிளீனர் அந்த இடத்துக்குப் போகவே போகாது. ஸ்கேனரில் பி2015 கோடு என்றால் இன்டேக் மேனிஃபோல்டு ஃபிளாப். பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைகிறது. பெரும்பாலும் டைவர்ட்டர் வால்வின் ரப்பர் கிழிந்திருக்கும். காயில் போனால் ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும். பக்கத்துச் சிலிண்டர் காயிலோடு மாற்றிப் போட்டுப் பார்த்தால் கோடும் கூடவே நகரும். பெட்ரோல் குழாய்களையும் தடவி, முகர்ந்து பாருங்கள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து அந்தக் காலத்து ரப்பரைச் செய்யவில்லை.

ஓட்டிப் பார்ப்பது

ஊருக்குள் ஒரு ரவுண்டு அடித்துப் பார்ப்பது போதாது. அவிநாசி பெருந்துறை நடுவில் இருக்கிற மாதிரி நேரான, அகலமான நெடுஞ்சாலை முதலில் வேண்டும். ஐந்தாவது கியரில் 60-ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் குதித்து வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் மாற்றும்போது டூயல் மாஸ் ஃபிளைவீலும் (இன்ஜின் அதிர்வைத் தணிக்கிற இரட்டைத் தட்டுச் சக்கரம்) சேர்ந்து வரும், செலவு சின்னதில்லை. ஐட்லிங்கிலும் இன்ஜினை நிறுத்துகிற நொடியிலும் கியர்பாக்ஸ் பக்கம் கடகடவென்று அடித்தால் ஃபிளைவீல் போயிருக்கிறது. மூன்றாவது கியரை வேகமாகப் போடும்போது உரசல் இருக்கிறதா, ரிவர்ஸ் சிரமமில்லாமல் விழுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு மலை. விற்பவர் சம்மதித்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் கொஞ்ச தூரம் ஏறி இறங்குங்கள். சேலம் பக்கம் என்றால் ஏற்காடு. ஏறும்போது டர்போ இழுவை விட்டுவிட்டு வரக் கூடாது. இறங்கும்போதுதான் முக்கியமான சோதனை. இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இன்ஜின் பிரேக்கிலேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் இறங்க வேண்டும். அப்போது சிலிண்டருக்குள் உண்டாகிற வெற்றிடம் ஆயிலை மேலே உறிஞ்சும். சமதளத்துக்கு வந்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது பின்னால் நீலமாக ஒரு மூட்டம் வருகிறதா என்று பார்க்க, நண்பர் ஒருவர் பின்னால் வேறு வண்டியில் வர வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மறைக்கிற ஆயிலைக்கூட இந்த இறக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

எவ்வளவு வேகம் போகிறது என்று ரோட்டில் பார்க்காதீர்கள். அந்த ஆசைக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

ரீமேப் பண்ணிய வண்டி

ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) போட்ட லாராக்கள் நம் பக்கம் உண்டு. இந்த இன்ஜின் அதற்கு நன்றாகவே இசைந்து கொடுக்கும் என்பதால் வருகிற ஆசை அது. ஆனால் கூடின இழுவையை முதலில் தாங்க வேண்டியது பழைய கிளட்ச், அடுத்து அடைத்துக்கொண்ட அதே ரிங். முதல் தடவை வாங்குகிறவர்கள் கம்பெனி நிலையிலேயே இருக்கிற வண்டியை எடுப்பது நல்லது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் பைப் போட்ட வண்டியை எடுக்கவே வேண்டாம். அது சட்டப்படியும் தவறு. ஆயில் எரிவதைக் காட்டுகிற, மறைக்கிற எல்லாக் குறிகளும் மாறிப்போவதால் இன்ஜினை மதிப்பிடவும் முடியாது.

பேப்பர்

15 வருஷம் முடிந்த சொந்த வண்டிக்குத் தமிழ்நாட்டில் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருஷத்துக்கு ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். அதை விற்பவர் முடித்துக்கொடுத்த பிறகு முழுப் பணத்தையும் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. லோன் இருந்த வண்டியானால் படிவம் 35-ம் பேங்க் என்ஓசியும் வேண்டும். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், எச்பி (வண்டி மேலே லோன் அடமானம்) இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதைப் பாருங்கள். கட்டாத அபராதம் இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் தனியாகத் தேடுங்கள். ஆர்சியில் இருக்கிற சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் இருக்கிற நம்பரோடு உங்கள் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். இன்ஜினை மாற்றியிருந்தால் இங்கே தெரிந்துவிடும். டிக்கி தரைக்கு அடியில், ஸ்டெப்னி பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இன்ஜின் கோடும் இருக்கும்.

பாலக்காடு, கொச்சி, பெங்களூர் வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். படிவம் 28 என்ஓசி, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, மறுபதிவு அலைச்சல் எல்லாம் கூட்டினால் அந்தக் குறைவு பெரும்பாலும் காணாமல் போகும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கிய கேரள வண்டி, 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற சென்னை வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். முன் சீட்டுக்கு அடியில் சீட் நகர்கிற தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்குக் கீழே பஞ்சில் வண்டல், ஃபியூஸ் பாக்ஸ் ஊசிகளில் பச்சைக் களிம்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், வேறு வண்டி பார்க்கலாம்.

விலை பேசுவது

பார்த்த குறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வேலை கொடுக்கப் போகிற பட்டறையிலேயே பார்ட், லேபர் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பில் இல்லாத வண்டிக்கு டென்ஷனர், செயின் செட் செலவைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள். அந்தத் தாளை விற்பவர் முன்னால் வைத்துப் பேசினால் வாய்ப்பேச்சு குறையும். "வேற பார்ட்டி அட்வான்ஸோட நிக்கறாங்க" என்ற அவசரத்துக்கு மசிய வேண்டாம். மதிப்புத் தெரிந்து நல்லதாக வைத்திருக்கிற ஓனர் உங்கள் பட்டியலைப் பார்த்துக் கோபப்பட மாட்டார். பாதி விஷயம் அவருக்கே தெரிந்திருக்கும்.

வாங்கின கையோடு

முதல் வேலை, பில் இல்லாவிட்டால் டென்ஷனரும் செயின் செட்டும். அலாய், எக்ஸாஸ்ட், மியூசிக் சிஸ்டம் எல்லாம் அதற்குப் பிறகு. அதே தடவையில் 5டபிள்யூ-40 அளவில், ஃபோக்ஸ்வாகன் 502 00 தரம் என்று டப்பாவில் அச்சிட்ட ஆயில் 4.6 லிட்டர், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், நான்கு பிளக், பிசிவி வால்வு எல்லாவற்றையும் மாற்றுங்கள். கூலன்ட்டை முழுதாக வடித்து, சரியான கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள்.

அதன்பின் ஆயிலை 7,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஓட்டம் குறைவானால் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். 15,000 என்று கையேட்டில் இருந்தாலும் நம் வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் அது ஆகாது. பெட்ரோல் டேங்க் நிரப்புகிற ஒவ்வொரு முறையும், இன்ஜின் சூடாக இருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி ஐந்து நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கிலோமீட்டரையும் ஊற்றின ஆயில் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அடுத்தவர் கேட்கப் போவதும் அந்த நோட்டைத்தான். மஞ்சள் ஆயில் விளக்கு எரிந்தால் அளவு குறைந்திருக்கிறது, பார்த்து ஊற்றலாம். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பிரஷர் இல்லை. பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்தி டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

மலையிலோ சரிவான வாசலிலோ நிறுத்தும்போது இந்த வரிசையைப் பழக்கிக்கொள்ளுங்கள்: பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரல், ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுப்பது, பிரேக்கை மெதுவாக விட்டு வண்டியின் பாரம் ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்ததா என்று பார்ப்பது, அதற்குப் பிறகு இன்ஜினை நிறுத்திக் கடைசியாகக் கியர் போடுவது. டிக்கியில் ஒரு லிட்டர் அதே ஆயில் எப்போதும் இருக்கட்டும். ஹைவே பங்க்குகளில் 502 00 கேட்டால் கிடைப்பது அரிது.